அளவையும் கணக்கும்: சோட்டா நாகபுரிப் பழங்குடிகளும் பாங்கும்

'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. அளவறிந்து வாழ்தல் வேண்டும் என்னும் நீதியை அது புகட்டுகிறது. ஆயின், அளப்பதற்கு ஓர் அளவை வேண்டும். அவ்வளவை நேர்மையானதாயிருத்தல் வேண்டும். அளந்ததைக் குறித்து வைக்கும் கணக்கு, கொடுத்தவர்க்கும் வாங்கியவர்க்கும் ஒருங்கே விளங்குவதாயிருத்தல் வேண்டும். நாழியும் ஏடும் ஒருவர் கையிலேயே இருந்து, மற்றவர் அவருடைய சொல்லை நம்பியே ஆகவேண்டிய நிலை ஏற்படுமாயின், அளந்து போட்டும் பயன் என்ன?

இக்கேள்வியைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்த மக்கள் சிலருடைய வரலாற்றை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம். இராஞ்சி, ஜம்ஷெட்பூர், தன்பாத், பொகாரோ முதலிய நகரங்களில் தொழில் நிமித்தம் குடியேறி வாழும் தமிழ் அன்பர் பலர். எஃகு ஆலைகளிலும், நிலக்கரிச் சுரங்க அலுவலகங்களிலும், ரயில்வேயிலும், பாங்குகளிலும் பணிபுரியும் இவர்கள், அங்குள்ள வாரச் சந்தைகளில் சந்தால், முண்டா, ஒராவோன், ஹோ ஆகிய பழங்குடி மக்களைக் காணாத வாரம் இராது. அரக்கும், புளியும், இலுப்பைப் பூவும் கொண்டு வந்து விற்று, உப்பும் துணியும் வாங்கிச் செல்லும் அம்மக்கள் பாங்கின் வாயிலை வந்தடைய ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அவர்களுக்குச் சேமிக்கும் பழக்கம் இல்லை, பணத்தின் அருமை தெரியாது என்று எளிதாகக் கூறிவிடுவோர் உளர். வரலாறு அவ்வாறு கூறவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து காண்போம். இராஜமகால் குன்றுகளின் அடிவாரம் அக்காலத்தில் அடர்ந்த காடாயிருந்தது. அக்காட்டை அழித்து வயலாக்கினால் வரி வருமானம் பெருகும் என்று கருதிய கிழக்கிந்தியக் கம்பெனியார், 1832–33இல் அப்பகுதிக்கு எல்லை வகுத்து, 'மலையடிவாரம்' என்று பொருள்படும் 'தாமின்-இ-கோ' என்னும் பாரசீகப் பெயரை வழங்கினர்; காடு வெட்டுவதில் வல்லவரான சந்தால் மக்களை அங்கே குடியேற ஊக்கினர். 1838இல் அங்கிருந்த சந்தால்கள் ஏறக்குறைய 3,000 பேர்; 1851இல் 82,000 பேருக்கு மேல். பதின்மூன்று ஆண்டுகளில் காடு கழனியாயிற்று.

கழனி உண்டான இடத்திற்கு வணிகர் வந்தனர். வணிகர் வந்த பின்னர் கடன் வந்தது. சந்தால் குடும்பம் விதைப்புக் காலத்தில் நெல்லுக்கும், திருமணத்திற்கும் சாவுக்கும் பணத்திற்கும் லேவாதேவிக்காரரை நாடிற்று. அவர்களிடம் இரண்டு அளவைகள் இருந்தன என்று அந்நாட்டு மரபு கூறுகிறது. ஒன்றின் பெயர் 'கேனாராம்'. மற்றொன்றின் பெயர் 'பேச்சாராம்'. வங்காளியில் 'கேனா' என்பது வாங்குதல். 'பேச்சா' என்பது விற்றல். வாங்கும் இராமன் பெரியவன். விற்கும் இராமன் சிறியவன்! சந்தாலிடமிருந்து நெல்லை வாங்கும்போது பெரிய அளவையும், அவனுக்கு உப்பையோ நெல்லையோ கொடுக்கும்போது சிறிய அளவையும் வெளிவரும். இதனோடு வட்டியும் சேர்ந்தது. அது நூற்றுக்கு 50 முதல் 500 வரை இருந்ததாக அக்காலத்து எழுத்துகள் தெரிவிக்கின்றன.

சந்தால்களிடம் கணக்கு இல்லாமல் இல்லை. அவர்கள் ஒரு கயிற்றில் முடிச்சுகள் இட்டு வைத்திருந்தனர். பெற்ற ரூபாய்க்கு ஒன்றாக முடிச்சுகள். முடிச்சுகளுக்கு இடையேயுள்ள வெளி, கடன் வாங்கிக் கழிந்த ஆண்டுகள். வழக்கு மன்றத்திற்கு ஏறியபோது, கடன்பட்டவன் தன் முடிச்சுக் கயிற்றை எடுத்துக் காட்டுவான். கடன் கொடுத்தவரோ தம் பேரேட்டையும் நாட்குறிப்பையும் விரித்து வைப்பார். மன்றம் ஏட்டைப் படிக்க அறியும். கயிற்றைப் படிக்க அறியாது. ஆகவே தீர்ப்பு ஏட்டின் பக்கமே சாய்ந்தது. ஒரு சமுதாயத்தின் கணக்கு முறை சட்டத்தின் கண்ணுக்குப் புலப்படாமற் போயிற்று. கடன் தீராத நிலையில், கடன்பட்டவன் தன் உடலுழைப்பையே ஈடாக எழுதிக் கொடுத்தான். 'காமியோதி' என்றும், 'ஹர்வாஹி' என்றும் வழங்கிய அப்பத்திரங்களின்படி, கடன் தீரும்வரை அவன் கடன் கொடுத்தவருடைய நிலத்தில் உழைக்க வேண்டும். கடன் எப்போது தீரும் என்பதைச் சொல்வதோ அதே பேரேடு. தந்தை பட்ட கடனுக்கு மகன் ஏர் பிடித்த குடும்பங்கள் பல.

பொறுமைக்கும் எல்லை உண்டல்லவா? 1855 ஜூன் 30ஆம் நாள் போக்னாதி என்னும் சிற்றூரில் பதினாயிரம் சந்தால்கள் திரண்டனர். சித்து, கான்ஹு, சாந்த், பைரவ் என்னும் முர்மு குலத்துச் சகோதரர் நால்வர் அவர்களுக்குத் தலைமை பூண்டனர். 'ஹூல்' என்று சந்தால்கள் வழங்கும் அந்த எழுச்சியைப் பற்றி நூல்கள் பல பேசுகின்றன. அதன் போர் நிகழ்ச்சிகளைக் காட்டிலும் நம் கருத்தைக் கவர்வது வேறொன்று. எழுந்தவர்கள் எருமை ஏருக்கு இவ்வளவு வரி, மாட்டு ஏருக்கு இவ்வளவு வரி, கடனுக்கு இவ்வளவு வட்டி என்று தாங்களே விகிதம் வகுத்து அறிவித்தனர். கடனே கூடாது என்றோ, வட்டியே கூடாது என்றோ அவர்கள் சொல்லவில்லை. அளவு தங்களுக்கு விளங்குவதாயிருத்தல் வேண்டும் என்பதே அவர்களுடைய கோரிக்கை. 1856ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் எழுச்சி ஒடுக்கப்பட்டது. 15,000 பேருக்கு மேல் மாண்டனர் என்று மதிப்பிடப்படுகிறது.

ஆயினும் அரசாங்கம் பாடம் கற்றது. சந்தால் பர்கனா தனி மாவட்டமாயிற்று. 1872ஆம் ஆண்டின் மூன்றாம் ஒழுங்குமுறைச் சட்டம், அம்மாவட்டத்தில் மாதம் நூற்றுக்கு 2 ரூபாய்க்கு மேல் வட்டி தீர்ப்பளிக்கலாகாது என்றும், வட்டிக்கு வட்டி கூடாது என்றும், எத்தனை ஆண்டு கழிந்தாலும் மொத்த வட்டி அசலை விஞ்சலாகாது என்றும் விதித்தது. இது நல்ல சட்டம். ஆனால் அச்சட்டம் கொடிய கடனுக்கு ஒரு கதவை அடைத்ததேயன்றி, நல்ல கடனுக்கு ஒரு கதவைத் திறக்கவில்லை. ஆடி மாதத்தில் விதை நெல் இல்லாதவனுக்கு, வட்டி வரம்பைக் கூறும் சட்டப் புத்தகம் நெல் அளக்குமா? அவன் மீண்டும் பழைய வாயிலுக்கே சென்றான். சட்டத்திற்குப் புறம்பான வட்டிக்கே வாங்கினான். வாங்கியதை வெளியில் சொல்லவும் அஞ்சினான்.

தெற்கே, சோட்டா நாகபுரிப் பீடபூமியில் வாழ்ந்த முண்டா மக்களின் கதையும் இத்தகையதே. காட்டைத் திருத்திய குலத்தாருக்கே அந்நிலம் பொதுவில் உரியது என்னும் 'கூண்ட்கட்டி' மரபு அவர்களுடையது. வெளியிலிருந்து வந்த குத்தகைதாரரும் லேவாதேவிக்காரரும் பத்திரங்களின் வலிமையால் அந்நிலங்களைக் கவர்ந்தனர். அவர்களை அம்மக்கள் 'டிக்கு' என்று அழைத்தனர். அயலார் என்பது பொருள். பீர்சா முண்டாவின் தலைமையில் 1899–1900இல் எழுந்த 'உல்குலான்' கிளர்ச்சியும், 1900 ஜூன் 9ஆம் நாள் இராஞ்சிச் சிறையில் அவ்விளைஞர் மறைந்ததும் பலரும் அறிந்த செய்திகள். அக்கிளர்ச்சியின் விளைவாக எழுந்ததே 1908ஆம் ஆண்டின் சோட்டா நாகபுரிக் குடிவாரச் சட்டம். பழங்குடியினரின் நிலத்தை மற்றவர்க்கு விற்கலாகாது என்பது அதன் உயிர்நாடி. நிலத்தை ஈடு வைப்பதற்கும் அச்சட்டம் வரையறை செய்தது. 'புகுத் பந்தா' என்னும் ஈட்டு முறையில் கடன் கொடுத்தவர் நிலத்தின் விளைச்சலை அனுபவிக்கலாம்; அது 7 ஆண்டுகளுக்கு மேற்படலாகாது; அக்காலம் முடிந்தவுடன் அசலும் வட்டியும் தீர்ந்தனவாகக் கொண்டு நிலத்தைத் திருப்பிவிட வேண்டும். நம் ஊர்களில் போக்கியம் என்று சொல்கிறோமே, அதற்கு இஃது உறவுமுறை. ஆயின் போக்கியத்தில் அசலைத் திருப்பித் தந்தே நிலத்தை மீட்க வேண்டும், இதில் காலமே கடனை அடைத்துவிடுகிறது. முடிச்சுக் கயிற்றின் வெளிகளை எண்ணத் தெரிந்தவனுக்கு இது நன்கு விளங்கும் கணக்கு என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

நிலத்தைக் காத்த இச்சட்டமே பிற்காலத்தில் பாங்குக் கடனுக்கு ஒரு தடையாகவும் அமைந்தது என்பதைப் பின்னர் காண்போம்.

சட்டம் இயன்ற அடுத்த ஆண்டிலேயே, அதாவது 1909இல், இராஞ்சியில் ஒரு புதிய முயற்சி தொடங்கிற்று. ஜான் பாப்டிஸ்ட் ஹாஃப்மன் என்னும் ஜெர்மானியப் பாதிரியார், முண்டா மக்களிடையே பல்லாண்டு வாழ்ந்து அவர்தம் மொழியைக் கற்றவர். பின்னாளில் பல தொகுதிகளாக வெளிவந்த முண்டாரிக் கலைக்களஞ்சியத்தின் ஆசிரியர். 1908ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு வேண்டிய நில மரபுச் செய்திகளைத் திரட்டியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. நிலத்தைச் சட்டம் காத்தாலும், கடன் கொடுக்க ஒரு நல்ல அமைப்பு இல்லையேல் அக்காவல் நிலைக்காது என்பதை அவர் உணர்ந்தார். தம் சமயத்தைச் சேர்ந்த பழங்குடியினரை உறுப்பினராகக் கொண்டு, 'சோட்டா நாகபுரிக் கத்தோலிக்கக் கூட்டுறவு நாணயச் சங்கம்' என்ற ஒன்றை நிறுவினார்.

ஜெர்மனியில் ரைஃபைசன் என்பார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உழவர்களுக்காக வகுத்த வழி இத்தகைய சங்கங்களுக்கு முன்மாதிரி. ஒரே ஊரார், ஒருவரையொருவர் அறிந்தவர், சிறுசிறு தொகையாகச் சேமித்துப் பொது நிதியாக்குவர்; அந்நிதியிலிருந்து ஒருவர்க்குக் கடன் வேண்டுமெனின், அவருடைய நடத்தையை அறிந்த அண்டை வீட்டாரே பிணை நிற்பர். நிலத்தை ஈடு கேட்க வேண்டிய தேவையே இராது. கணக்கு ஊரார் முன்னிலையில் படிக்கப்படும். ஏமாற்றினால் ஏமாறுபவர் அடுத்த வீட்டுக்காரர். ஆகவே ஏமாற்றுவது எளிதன்று. முதல் உலகப் போரின்போது ஜெர்மானியர் என்ற காரணத்தால் 1915இல் ஹாஃப்மன் இந்நாட்டை விட்டு அனுப்பப்பட்டார். அவர் சென்ற பின்னும் சங்கம் அழியவில்லை. நூறாண்டுக்கு மேல் நிலைத்திருக்கிறது. ஒரு சமயத்தாரோடு நின்றுவிட்டது என்பது அதன் குறை. மற்ற ஆதிவாசிகளுக்கு அந்நிழல் கிட்டவில்லை. எனினும், பழங்குடி மக்கள் சேமிக்க மாட்டார்கள், கடனைத் திருப்ப மாட்டார்கள் என்ற கூற்றை அச்சங்கம் பொய்யாக்கிற்று.

ரைஃபைசனின் வழி இந்தியாவிற்கு வந்த கதையில் தமிழ்நாட்டிற்கும் ஒரு பங்கு உண்டு. சென்னை மாகாண அரசாங்கம் பிரெடரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரியை ஐரோப்பிய உழவர் பாங்குகளை ஆராயப் பணித்தது. 1895இலும் 1897இலும் வெளிவந்த அவருடைய அறிக்கை, ரைஃபைசனைப் போன்ற ஒருவரை இந்நாட்டிலும் கண்டெடுக்க வேண்டும் என்னும் முடிவிற்கு வந்தது. 1904ஆம் ஆண்டின் கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டம் பிறக்க அவ்வறிக்கை ஒரு காரணம். அச்சட்டத்தின் கீழ் அவ்வாண்டிலேயே காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவுச் சங்கமும், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் உழவர் சங்கமும் பதிவாயின. அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த கஞ்சம், விசாகப்பட்டினம், கோதாவரி ஏஜென்சி மலைகளிலும் சந்தால் நாட்டுக் கதையே நிகழ்ந்தது. அங்குள்ள மலைவாசிகளைக் காக்க 1917இல் சென்னை அரசாங்கம் இயற்றிய சட்டம், வட்டியை ஆண்டுக்கு நூற்றுக்கு 24 என்று வரையறுத்து, மலைவாசிகளின் நிலம் மற்றவர் கைக்கு மாறுவதையும் தடுத்தது. அங்கும் கதவு ஒன்று அடைபட்டது. அடுத்த கதவு திறக்க நெடுங்காலம் ஆயிற்று.

நாடு விடுதலை பெற்றபோது கிராமக் கடனின் நிலை எவ்வாறிருந்தது? ரிசர்வ் பாங்கு 1951–52இல் நடத்திய அகில இந்திய கிராமக் கடன் ஆய்வு அதனை எண்களால் காட்டிற்று. உழவர் பெற்ற கடன் நூறு ரூபாயாயின், அதில் லேவாதேவிக்காரர் கொடுத்தது ஏறக்குறைய 70 ரூபாய். கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்தது 3 ரூபாய். வணிகப் பாங்குகள் கொடுத்தது ஒரு ரூபாய்க்கும் குறைவு. இஃது நாடு முழுமைக்கும் உரிய கணக்கு. சமவெளி உழவர்க்கே இந்நிலையெனின், காட்டோரச் சிற்றூர்களில் பாங்கு என்ற சொல்லே எட்டாத ஒன்றாயிருந்ததில் வியப்பில்லை.

அதன் பின்னர் முயற்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1955 ஜூலை முதல் நாள் இம்பீரியல் பாங்கு, ஸ்டேட் பாங்காக மாறிற்று. ஐந்தாண்டுகளில் 400 புதிய கிளைகளைத் திறத்தல் வேண்டும் என்று விதிக்கப்பட்டது. பீகார் அரசாங்கம் ஆதிவாசிப் பகுதிகளில் தானியக் களஞ்சியங்களை அமைத்தது. விதைப்பின்போது நெல் பெற்று, அறுவடையின்போது சிறிது கூட்டித் திருப்பி அளக்கும் இம்முறை, காகிதப் பணத்தைக் காட்டிலும் அம்மக்களுக்கு இணக்கமாயிருந்தது. 1960இல் அமைந்து, அடுத்த ஆண்டு அறிக்கை அளித்த டேபர் கமிஷன், பழங்குடிகளின் கடன் சுமையையும் நில இழப்பையும் விரிவாக ஆராய்ந்தது. 1969 ஜூலை 19ஆம் நாள் 14 பெரிய பாங்குகள் நாட்டுடைமையாயின. 1975 அக்டோபர் 2ஆம் நாள் முதல் ஐந்து வட்டாரக் கிராமியப் பாங்குகள் தோன்றின. உள்ளூர் நிலையையும் மொழியையும் அறிந்த பணியாளர்களைக் கொண்டு இவை நடத்தப்படும் என்பது அத்திட்டத்தின் கருத்து. இன்று ஜார்கண்டில் உள்ள கிராமியப் பாங்குகள் 2019இல் ஒன்றாய் இணைந்து 'ஜார்கண்ட் ராஜ்ய கிராமிய பாங்க்' என்னும் பெயர் பெற்றன.

கூட்டுறவுத் துறையிலும் ஒரு மாறுதல் நிகழ்ந்தது. ஆதிவாசி ஒருவர் கடனுக்கு ஓரிடத்திற்கும், காட்டுப் பொருளை விற்க மற்றோரிடத்திற்கும், உப்பு வாங்க வேறோரிடத்திற்கும் அலைவதால்தான் இடைத்தரகரிடம் சிக்குகிறார் என்று 1971இல் அமைந்த பாவா குழு கருதிற்று. மூன்றையும் ஒரே கூரையின் கீழ் நடத்தும் பெரும் பல்நோக்குச் சங்கங்கள் அக்குழுவின் பரிந்துரையால் பிறந்தன. 'லாம்ப்ஸ்' என்னும் சுருக்கப் பெயரால் வழங்கும் இச்சங்கங்களைக் கொல்லிமலையிலும், சேர்வராயன் மலையிலும், நீலகிரியிலும் காணலாம். கருத்துச் சிறந்ததே. ஆனால் பல இடங்களில் இவை உறுப்பினர்களின் சங்கமாக வளராமல், மேலிருந்து நடத்தப்படும் அலுவலகங்களாகவே நின்றுவிட்டன. கணக்கு ஏடு மீண்டும் மேசைக்கு அப்புறமே இருந்தது.

பாங்குக் கிளை வந்த இடங்களிலும் ஒரு சிக்கல் எழுந்தது. பாங்கு கடன் கொடுக்க ஈடு கேட்கும். உழவனிடம் உள்ள ஈடு நிலம் ஒன்றே. அந்நிலத்தையோ சட்டம் அயலாருக்கு விற்க விடாது. விற்க இயலாத நிலம் ஈடாக எதற்கு உதவும் என்று பாங்கு தயங்கும். பயிர்த்தொழிலுக்காகப் பாங்கிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் நிலத்தை ஈடு வைக்கச் சட்டத்தில் விதிவிலக்குகள் பின்னர் சேர்க்கப்பட்டன. ஆயினும் கடன் திரும்பாதபோது அதனை விலைக்கு வாங்கக் கூடியவர் மிகச் சிலர் என்பதால் தயக்கம் தீரவில்லை. வீடு கட்டவும், பிள்ளைகளின் உயர்கல்விக்கும், சிறு தொழில் தொடங்கவும் கடன் கேட்கும் ஆதிவாசிகள் இந்தத் தயக்கத்தை இன்றும் எதிர்கொள்கின்றனர். சட்டத்தைத் தளர்த்தினால் கடன் எளிதாகும் என்பார் உளர். தளர்த்தினால் நிலம் போய்விடும் என்று பீர்சாவின் வழிவந்தோர் அஞ்சுகின்றனர். இரண்டும் பொருளற்ற கூற்றுகள் அல்ல. நம் எண்ணத்தில், நிலத்தை ஈடு கேளாமல் பிணையை ஏற்கும் வழியே இதற்கு விடை. 1909ஆம் ஆண்டின் சங்கம் காட்டிய வழியும் அதுவே.

கடனுக்கு உடலுழைப்பை ஈடாக்கும் பழைய வழக்கத்தை ஒழிக்க, 1920இலேயே பீகார்–ஒரிஸ்ஸா மாகாணத்தில் காமியோதி ஒப்பந்தச் சட்டம் இயற்றப்பட்டது. நாடு முழுமைக்குமான கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. மக்களும் வாளாவிருக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் தன்பாத்தை அடுத்த டுண்டிப் பகுதியில், லேவாதேவிக்காரர் கைப்பற்றிய வயல்களில் சந்தால்கள் கூட்டமாய்ச் சென்று நெல் அறுத்தனர். 'தான்கட்னி' என்னும் அந்த இயக்கத்தை நடத்தியவர், பின்னாளில் ஜார்கண்டின் முதலமைச்சரான சிபு சோரன். அறுவடையோடு இரவுப் பள்ளிகளும் நடைபெற்றன என்பதே கருத்தில் கொள்ளத்தக்கது. பத்திரத்தைப் படிக்கத் தெரியாதவன் மீட்ட நிலத்தை மறுபடியும் இழப்பான் என்பதை அவ்வியக்கத்தார் உணர்ந்திருந்தனர்.

1990களில் மற்றொரு வழி தோன்றிற்று. பத்துப் பதினைந்து பெண்கள் ஒரு குழுவாகக் கூடி, வாரந்தோறும் சிறு தொகை சேமித்து, தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்து வாங்கிப் பழகிய பின், பாங்கு அக்குழுவிற்கு ஈடின்றிக் கடன் கொடுக்கும் முறை அது. 1989இல் தமிழ்நாட்டின் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் திட்டமாக இதற்கு ஒரு தொடக்கம் அமைந்தது. 1992இல் நபார்டு பாங்கு 500 குழுக்களைக் கொண்டு நாடளாவிய சோதனையைத் தொடங்கிற்று. ஜார்கண்டின் சிற்றூர்களில் மரத்தடியில் பெண்கள் வட்டமாய் அமர்ந்து, ஒருத்தி ஏட்டைப் படிக்க, மற்றவர்கள் தத்தம் தொகையை வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்கும் காட்சியை அங்கு வாழும் அன்பர் கண்டிருப்பர். ஏட்டுக்கும் மக்களுக்கும் இடையேயிருந்த மேசை அங்கே மறைந்துவிட்டது.

இவ்வளவுக்குப் பின்னும், 2011ஆம் ஆண்டின் மக்கட்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் குடும்பங்களுள் நூற்றுக்கு 58.7 பாங்கு வசதி பெற்றிருக்க, பழங்குடிக் குடும்பங்களுள் ஏறக்குறைய 45 மட்டுமே அவ்வசதி பெற்றிருந்தன. அப்போது நாட்டில் பழங்குடியினரின் தொகை 10 கோடியே 43 லட்சம். ஜார்கண்டில் மட்டும் 86 லட்சத்திற்கு மேல். 2014 ஆகஸ்டு 28ஆம் நாள் தொடங்கிய ஜன் தன் திட்டம் இந்த இடைவெளியைப் பெருமளவு குறைத்தது. முதல் நாளிலேயே ஒன்றரைக் கோடிக் கணக்குகள் திறக்கப்பட்டன. 2023 ஆகஸ்டில் அத்தொகை 50 கோடியைக் கடந்தது. தொடக்கத்தில் பெரும்பாலான கணக்குகளில் ஒரு காசும் இல்லை. பின்னர் கூலியும், ஓய்வூதியமும், உதவித்தொகையும் அக்கணக்குகளுக்கு வரலாயின. கிளை இல்லாத ஊர்களுக்கு, 2006இல் ரிசர்வ் பாங்கு அனுமதித்த பாங்கு முகவர்கள் கையடக்கமான கருவியோடு செல்கின்றனர். விரலை வைத்தால் பணம் வரும்.

இது பெரிய முன்னேற்றம், ஐயமில்லை. எனினும் பழைய கேள்வி புதிய உருவில் வந்து நிற்கிறது. கருவியின் திரையில் தோன்றும் எண்ணைப் படிப்பவர் யார்? கட்டை விரல் வைத்த மூதாட்டிக்கு 1,000 ரூபாய் கழிந்ததா, 2,000 கழிந்ததா என்பது, முகவர் ரசீது தந்தால் அன்றி, அதனைப் படித்துச் சொல்ல ஒருவர் இருந்தால் அன்றி, எவ்வாறு தெரியும்? ரசீது தராமையால் எழுந்த புகார்கள் பல. காலமெல்லாம் மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலின் ரேகையைக் கருவி அறியாமல், வந்த பணத்தைப் பெறாமல் திரும்புவோரும் உளர். அன்று மன்றம் கயிற்றைப் படிக்கவில்லை. இன்று கருவி விரலைப் படிக்கவில்லை. முகவர்களுள் பெரும்பாலோர் நேர்மையானவர் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் ஒருவருடைய நேர்மையை மட்டும் நம்பி நிற்கும் ஏற்பாடு உறுதியான ஏற்பாடு ஆகாது. கேனாராம் காலத்திலும் நல்ல வணிகர் சிலர் இருந்திருப்பர். அவர்களால் சந்தால்களின் நிலை மாறவில்லை.

இங்கே மொழியின் இடம் பெரிது. அரசாங்கப் படிவங்களை மொழிபெயர்ப்பதே நம் தொழிலாதலின், இதனைச் சற்று அழுத்திச் சொல்லத் துணிகிறோம். 'அசல்', 'வட்டி', 'தவணை', 'பிணை' என்னும் சொற்கள் தமிழ் உழவர்க்குப் புதியன அல்ல. அவை பன்னெடுங்காலமாக நம் ஊர் வழக்கில் உள்ளவை. அதனால் தமிழில் ஒரு கடன் படிவத்தைப் படித்துக் காட்டினால், எழுத்தறியாதவரும் கேள்வி கேட்பார். சந்தாலி மொழிக்கு 1925இல் ரகுநாத் முர்மு வகுத்த 'ஒல் சிக்கி' என்னும் சொந்த எழுத்து உண்டு. 2003இல் அம்மொழி அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் இடம்பெற்றது. முண்டாரிக்கும், ஹோ மொழிக்கும், குடுக் மொழிக்கும் அவ்விடம் கிட்டவில்லை. பாங்கில் கொடுக்கப்படும் தாள்களோ பெரும்பாலும் இந்தியும் ஆங்கிலமுமே. கையொப்பம் இடுவதற்கு முன் விளங்காத தாள், கையொப்பம் இட்ட பின் விளங்கி என்ன பயன்? ஒரு படிவத்தை மக்கள் மொழியில் ஆக்குவது மொழிப் பற்று பற்றிய செய்தி மட்டுமன்று. அது நேர்மையான அளவையை மக்கள் கையில் கொடுக்கும் செயல்.

அன்பர்களே, 1872ஆம் ஆண்டுச் சட்டம் வட்டியை வரையறுத்தது. 1908ஆம் ஆண்டுச் சட்டம் நிலத்தைக் காத்தது. 1969ஆம் ஆண்டு பாங்கை நாட்டுடைமையாக்கிற்று. 2014ஆம் ஆண்டு கணக்கைத் திறந்தது. ஒவ்வொன்றும் தேவையான படியே. இவற்றுள் எது ஊன்றி நின்றது என்று நோக்கினால், கணக்கை மக்கள் தாமே படிக்கவும், கேட்கவும், மறுக்கவும் முடிந்த இடங்களிலேயே நம்பிக்கை வேரூன்றிற்று என்பது புலனாகும். ஹாஃப்மன் நிறுவிய சங்கமும், டுண்டியின் இரவுப் பள்ளியும், மரத்தடிப் பெண்கள் குழுவும் இதற்குச் சான்று.

ஜார்கண்டிலும், அதனை அடுத்த ஒடிசாவிலும், சத்தீஸ்கரிலும் பாங்குகளிலும் அஞ்சலகங்களிலும் பணிபுரியும் தமிழர் பலர் உளர். மொழி தெரியாத ஊரில், புரியாத படிவத்தின் முன் நின்று, அடுத்தவர் உதவியை எதிர்நோக்கிய நாட்கள் அவர்களுக்கும் இருந்திருக்கும். பாஸ் புத்தகத்தை நீட்டும் ஆதிவாசி அன்னைக்கு, அதில் உள்ள தொகையை இருமுறை வாய்விட்டுப் படித்துச் சொல்வதற்கு ஒரு நிமிடம் போதும். ரசீதைக் கேளாமலே கொடுப்பதற்கு அதுவும் வேண்டாம். உள்ளூர் மொழியில் எண்களை மட்டுமேனும் கற்றுக்கொள்ள ஒரு வாரம் ஆகலாம். இவை எந்தச் சட்டத்திலும் எழுதப்படாத கடமைகள். ஆயின், பேரேட்டின் முன் முடிச்சுக் கயிற்றோடு நின்று தோற்றவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் எனலாம்.